பல்லவிக்குத் திரும்பும் அன்பு: தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயங்கும் விதம்

"அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்கிறது யோவானின் முதலாம் நிருபம் (4:19). கிறிஸ்தவ ஆராதனைப் பாட்டுக்கு அடிப்படை இந்த வரிசைதான். முதலில் கடவுள் செய்தது, அதன் பிறகே மனிதன் சொல்வது. தமிழ்க் கீர்த்தனையில் இந்த வரிசை பாட்டின் உடலிலேயே அமைந்திருக்கிறது. பல்லவி, அதாவது திரும்பத் திரும்பப் பாடும் தொடக்க அடி, பெரும்பாலும் மனிதனின் குரல்: துதிப்பேன், மறவேன், வாரும், காத்தருளும். சரணங்கள், அதாவது பின்னால் வரும் பத்திகள், அதற்கான காரணங்கள்: பிறந்தது, தேடி வந்தது, பாடுபட்டது, மன்னித்தது. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு பல்லவிக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணத்தோடு திரும்புகிறது. அதனால் கீர்த்தனையில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், உருக்கமான சொற்களில் என்பதைவிட இந்தத் திரும்புதலில் என்று சொல்வதே சரி.

இதற்கு மூத்த முன்மாதிரி 136ஆம் சங்கீதம். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. ஒரே வாக்கியம் 26 முறை வந்தும் சலிக்காததற்குக் காரணம், அதற்கு முன்னால் வரும் பாதி ஒவ்வொரு முறையும் வேறு. வானம் உண்டானது, செங்கடல் பிளந்தது, தாழ்விலே நினைத்தது, கடைசியில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுப்பது. படைப்பில் தொடங்கிச் சோற்றில் வந்து நிற்கும் பாட்டு அது.

பாமாலையும் கீர்த்தனையும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு அருகருகே நடக்கிறது. ஒன்று பாமாலை: ஐரோப்பிய மெட்டு, தமிழ்ச் சொல். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. பின்னால் சென்னையில் ஊழியம் செய்த பப்ரிஷியுஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைப் பெருமளவில் தமிழாக்கினார். மற்றது கீர்த்தனை: பல்லவி, அதைத் தொடரும் அனுபல்லவி, சரணம், ராகம், தாளம் என்று தமிழ் இசை மரபில் எழுந்தது.

கீர்த்தனை என்றதும் முதலில் வரும் பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவயதில் மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் இவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார்; பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் கற்றவர். திருவையாற்றில் தியாகராஜர் (1767–1847) பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அருகிலேயே தஞ்சையில் சாஸ்திரியார் கிறிஸ்துவைப் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஊரின் காற்றில் இருந்த இசைதான் இவர் பாட்டிலும் இருக்கிறது. "சீரேசு நாதனுக்கு ஜெயமங்களம்" என்று இன்றும் கூட்டங்களின் முடிவில் பாடப்படுவது இவருடையது. கச்சேரியும் கதாகாலட்சேபமும் மங்களத்தில் முடியும் வழக்கத்தை அப்படியே ஆராதனைக்குக் கொண்டுவந்த பாட்டு அது.

1820களில் புதிதாக வந்த மிஷனெரிகள் ஆலயத்துக்குள் இந்தப் பாட்டையும் தமிழ் இசையையும் கட்டுப்படுத்த முயன்றபோது சாஸ்திரியார் எழுத்திலேயே கடுமையாக எதிர்த்தார். அதே வழக்கில் சபைக்குள் ஜாதி வேறுபாடு தொடர்வதையும் அவர் ஆதரித்து எழுதினார் என்பதை மறைக்கக் கூடாது. கீர்த்தனையின் இனிமையைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். பின்னால் நாட்டுப்புற இசை ஏன் ஆலயத்துக்குள் வந்தாக வேண்டியிருந்தது என்பது அந்தப் பாதி இல்லாமல் விளங்காது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அந்தத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்களுக்கு முக்கிய இடம். அதன்பிறகு கீர்த்தனையை ஆலயத்துக்கு வெளியே நிறுத்த யாராலும் முடியவில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் பலிபூசை லத்தீனில் நடந்த காலத்திலும் தமிழ்ப் பாட்டு நவநாளிலும் தேர்ப்பவனியிலும் தழைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஏடு அந்தந்த நாட்டு இசைக்கு வழிபாட்டிலேயே இடம் தர வேண்டும் என்றது. பூசைக்குள்ளும் தமிழ்ப் பாட்டு நிலைபெற்றது.

யார் யாரை நேசிப்பது

பக்திப் பாட்டில் பாடுகிறவன் ஏதோ ஓர் உறவில் நின்றுகொண்டுதான் பாட முடியும். அடியான், பிள்ளை, தோழன், காதலி: தமிழ்ப் பக்தி மரபு இவற்றை ஆழ்வார், நாயன்மார் காலத்திலேயே வகுத்து வைத்திருந்தது. கிறிஸ்தவக் கவிஞர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மிகத் துணிச்சலாக எடுத்தது சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சியின் எலும்புக்கூடு எல்லாருக்கும் தெரிந்தது: தலைவன் உலா வருகிறான், தலைவி கண்டு மயங்குகிறாள், நிலவையும் தென்றலையும் பழிக்கிறாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். இங்கே தலைவன் கிறிஸ்து. தலைவி சீயோன் குமாரத்தியான தேவமோகினி. குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவம். காதலில் வாடுகிறவளுக்கு "அவர் வருவார்" என்று உறுதி சொல்லும் வேலை குறத்தியுடையது. விசுவாசத்தின் வேலையும் அதுதான். வடிவமும் பொருளும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் அபூர்வம்.

வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வேறு வழியில் போனார். இரட்சணிய யாத்திரிகம் (1894) என்ற காப்பியத்தை எழுதிய இவருடைய இரட்சணிய மனோகரம் என்ற பக்திப் பாடல் நூலில் அடியானும் பிள்ளையும் மாறி மாறிப் பேசுகிறார்கள். உரிமையோடு "நீ" என்று கடவுளை அழைக்கும் தேவாரக் குரல் இவரிடம் கேட்கும். சபைப் பாட்டில் பொதுவழக்கு "நீர்", "உம்மை", "தந்தீர்" என்பதே. இரண்டும் சரி, ஒரே பாட்டில் கலப்பதுதான் தவறு. பல்லவியில் "உம்மை" என்று தொடங்கி, எதுகைக்காகச் சரணத்தில் "உன்னை" என்று இறங்கினால் பாடுகிறவன் நிற்கும் இடம் குழம்பிவிடும். புதிதாகப் பாட்டு எழுதுகிறவர்கள் இந்தப் பிழையை அடிக்கடி செய்கிறார்கள்.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, "பரட்டை" என்று அறியப்பட்டவர், இந்த உறவையே கிராமத்து வாய்மொழிக்குக் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டுப்புற மெட்டில், பறையின் தாளத்தில், கடவுளைப் "பெத்தவரே" என்று அழைத்தார். தாயையும் தகப்பனையும் ஒரே விளியில் அழைக்கிற அந்தப் பாட்டைப் பாட ராக ஞானம் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். சாஸ்திரியாரின் காலத்தில் ஆலயத்தில் ஒதுங்கி உட்காரவேண்டி வந்தவர்களின் குரல் பாட்டுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

மணவாட்டி உறவில் பாடும்போது ஓர் எச்சரிக்கை. வேதத்தில் கிறிஸ்துவின் மணவாட்டி திருச்சபை. அதனால் மணவாளன் பாட்டு "நாங்கள்" என்ற குரலில் பாதுகாப்பாக நிற்கும். அது "நான்" என்ற குரலுக்கு மாறி, காதல் சொற்கள் மட்டும் மிஞ்சி, சிலுவையும் மன்னிப்பும் காணாமல் போனால் பாட்டு ஆளில்லாமல் தனியே நிற்கிறது. சோதித்துப் பார்ப்பது எளிது: இயேசு என்ற பெயரை எடுத்துவிட்டு வாசியுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் பாடலாம் என்று தோன்றினால், அவர் முந்திச் செய்தது எதுவும் அந்தப் பாட்டில் இல்லை என்று பொருள்.

சரணத்தை வெட்டினால் மிச்சமாகும் நேரம்

"நேரமில்லை, முதல் சரணமும் கடைசிச் சரணமும் பாடுவோம்" என்பது பல சபைகளில் ஞாயிறுதோறும் கேட்கும் அறிவிப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. ஓர் அட்சரத்துக்கு ஒரு விநாடி என்ற நிதானமான காலப்பிரமாணத்தில் ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி. பல்லவி இரண்டு முறை, அனுபல்லவி இரண்டு ஆவர்த்தனம், மீண்டும் பல்லவி ஒன்று: ஆக 5. சரணம் ஒன்றுக்கு 4, அதன்பின் பல்லவி 1: ஆக 5. ஐந்து சரணத்துக்கு 25. மொத்தம் 30 ஆவர்த்தனம், 240 விநாடி, சரியாக நான்கு நிமிடம். நடுவில் மூன்று சரணத்தை வெட்டினால் மிச்சம் இரண்டு நிமிடம். அறிவிப்புகளில் கரையும் நேரம் அதைவிட அதிகம்.

வெட்டுவதால் போவது நேரத்தைவிடப் பெரியது. பல கீர்த்தனைகளில் சரணத்தின் கடைசி அடி வாக்கியமாக முடியாது; "என்று", "ஆதலால்", "அதனாலே" என்பது போலத் தொங்கி நிற்கும். பல்லவி வந்துதான் அதை முடிக்கும். முதல் சரணம் பிறப்பையும் நடுச் சரணங்கள் பாடுகளையும் கடைசி மகிமையையும் சொல்லும் பாட்டில் நடுவை எடுத்தால், தொழுவத்திலிருந்து நேரே சிங்காசனத்துக்குத் தாவுகிறது. விலை கொடுத்த இடம் போய்விடுகிறது. உண்மையிலேயே நேரம் இல்லையென்றால் மூன்று சரணமே உள்ள பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இல்லாவிட்டால் நடுச் சரணங்களில் ஒன்றைப் பாடகர் குழு வாசிக்க, சபை பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம்.

இன்றைய ஆராதனைப் பாட்டுகளில் ஒரு வரியைப் பத்துமுறை சொல்கிறார்கள் என்ற குறை அடிக்கடி எழுகிறது. திரும்பச் சொல்வது குற்றமே இல்லை. கீர்த்தனையும் சங்கீதமும் செய்வது அதைத்தான். இரண்டு பல்லவிகளுக்கு நடுவே புதுக் காரணம் வருகிறதா, அல்லது டிரம்ஸ் ஒலி மட்டும் ஏறுகிறதா என்பதே கேள்வி. நடத்துகிறவர் நான்கு முறைக்கு மேல் ஒரே வரியைப் பாடவைக்க விரும்பினால், இடையில் ஒரு வசனத்தை வாசித்தாலே போதும். அந்த வரி திரும்பிவரும்போது அதற்கு எடை கூடியிருக்கும்.

குறில் நீண்டால் பொருள் மாறும்

பாமாலை பாடும் சபையில் சொல் தெளிவாகக் காதில் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் உச்சரிப்பு அல்ல, மெட்டு. ஆங்கில, ஜெர்மன் பாட்டு அசையழுத்தத்தில் நடப்பது. தமிழ் குறில் நெடில் அளவில் நடப்பது. மெட்டின் நீண்ட சுரம் ஒரு குறிலின்மேல் விழுந்தால் சொல்லே வேறாகிவிடும். "வரும்" என்பதில் முதல் எழுத்தை நீட்டுங்கள், "வாரும்" ஆகிறது. "தரும்" "தாரும்" ஆகிறது. கிருபை தரும் என்று நன்றி சொன்ன வரி, கிருபை தாரும் என்று கெஞ்சும் வரியாக மாறிவிடுகிறது.

இதற்குப் பாட்டெழுதுகிறவர் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. நீண்ட சுரத்துக்கு நெடில் கொடுக்க வேண்டும். நெடில் கிடைக்காவிட்டால் மெல்லின, இடையின ஒற்று வரும் குறில்: "அன்பு", "நெஞ்சம்", "வல்ல". இவற்றில் ஒற்றின்மேல் குரலை நிறுத்தலாம், உயிர் நீளாது. வல்லின ஒற்றில் குரல் நிற்காது. "பக்தி", "சுத்தம்" போன்றவை நீண்ட சுரத்தில் வந்தால் பாடுகிறவர் வேறு வழியில்லாமல் "பாக்தி", "சூத்தம்" என்றுதான் பாடுவார். ஏற்கெனவே அச்சான பாட்டில் இப்படி இருந்தால், பாடகர் குழு அந்த இடத்தில் சுரத்தைச் சற்று முன்னதாகவே விட்டு மூச்சு எடுக்கலாம், சபையும் பின்பற்றும்.

ராகமும் கீபோர்டும்

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, மோகனம், முகாரி, சங்கராபரணம் என்று வரும். சபையில் பரம்பரையாகப் பாடும் மெட்டு சில பாட்டுகளில் அச்சிட்ட ராகத்தோடு ஒத்துப்போகாது. அதைத் திருத்தப் போய்ச் சபையின் வாயை அடைப்பதில் பயனில்லை. ஆனால் மெட்டு ராகத்தில் இருக்கும்போது வாத்தியம் அதைக் கெடுக்கக் கூடாது.

செஞ்சுருட்டி ஏன் இவ்வளவு பாட்டுக்குப் பயன்பட்டது என்பதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. அதன் சஞ்சாரம், அதாவது சுரங்கள் போய்வரும் எல்லை, பெரும்பாலும் மந்திர (கீழ்) ஸ்தாயிப் பஞ்சமத்தை ஒட்டிய இடத்துக்கும் மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தை ஒட்டிய இடத்துக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) அளவுக்குள் அடங்கும். பயிற்சி இல்லாத குரல் எட்டும் அளவு அது. இந்த ராகம் ஹரிகாம்போஜியில் பிறந்தது, அதன் நிஷாதம் (நி) கைசிகி, அதாவது தாழ்ந்த வகை. ஸட்ஜம் (ச) 'சி'யில் இருந்தால் அந்த நிஷாதம் 'பி ஃபிளாட்'. கீபோர்டு வாசிக்கிறவர் பழக்கத்தில் 'ஜி மேஜர்' கார்டைப் போட்டால் அதற்குள் சுத்தமான 'பி' இருக்கிறது. பாடுகிறவரின் நிஷாதம் அதோடு மோதும். இரண்டு வாரத்தில் சபையும் 'பி'க்கு ஏறிவிடும், செஞ்சுருட்டி சங்கராபரணத்தின் சாயலுக்குப் போய்விடும். அந்த இடத்தில் 'பி ஃபிளாட் மேஜர்' அல்லது 'ஜி மைனர்' போட வேண்டும்.

மாயாமாளவகௌளையிலோ அதில் பிறந்த சாவேரியிலோ அமைந்த பாட்டில் சிக்கல் இன்னும் கூடும். அதன் சுரங்கள் சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. 'ஜி'யின்மேல் எழும் கார்டில் பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக 'டி' வர வேண்டும். ராகத்தில் இருப்பதோ 'டி ஃபிளாட்'. அதனால் 'ஜி மேஜர்' இந்த ராகத்துக்கு ஆகவே ஆகாது. 'சி மேஜர்', 'டி ஃபிளாட் மேஜர்', 'எஃப் மைனர்' மூன்றும் பொருந்தும். குழப்பமாக இருந்தால் கார்டே வேண்டாம்: ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்துக்கொண்டு, சுருதிப்பெட்டி செய்யும் வேலையைக் கீபோர்டு செய்யட்டும். புலம்பல் பாட்டில், குறிப்பாகப் பெரிய வெள்ளி ஆராதனையில், அதுவே அழகும்கூட.

தாளத்தில் நேரும் பெரிய பிழை சாபு தாளப் பாட்டை ரிதம் பெட்டியில் ஏற்றுவது. மிஸ்ர சாபு 3+4, ஆக ஏழு. பெட்டியில் நாலுக்கு நாலு ஓட்டினால் எட்டாவது அட்சரத்தை நிரப்பக் கடைசி அசையை இழுக்க வேண்டும். முன்னே சொன்ன குறில் நீளும் பிழை இங்கேயும் வந்துவிடும். அதேபோல அனாகத எடுப்பில், தாளம் விழுந்து சற்றுத் தள்ளித் தொடங்கும் பாட்டை டிரம்ஸ் வாசிக்கிறவர் சமத்தில் (தாளம் விழும் இடத்திலேயே) தொடங்குவதாக எடுத்துக்கொண்டால், முழுப் பாட்டும் இடம் மாறி உட்காரும். பாட்டு தொடங்குமுன் ஓர் ஆவர்த்தனம் கையால் தட்டிக் காட்டினால் போதும்.

சுருதி வைப்பதில் பெரும்பாலானவர்கள் தனிப்பாடகரின் குரலைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை. ஆணும் பெண்ணும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைப் பாடும் சபையில், மேலே 'டி'யைத் தாண்டினால் பாதிப்பேர் வாய்மூடிவிடுவார்கள். மேல் ஸ்தாயிக் காந்தாரம் (க) வரை போகும் பாட்டுக்கு ஸட்ஜத்தை 1 கட்டையில் ('சி') வைத்தால் அது 'ஈ'யைத் தொடும். அதற்குக் கீழே உள்ள 6½ கட்டைக்கு ('பி ஃபிளாட்') இறக்கினால் 'டி'யில் நிற்கும். செஞ்சுருட்டி போல மேலே ஏறாத பாட்டுக்கு நேர்மாறாக 4 கட்டைக்கு ('எஃப்') உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கீழே குரல் கேட்காது. காலை எட்டு மணி ஆராதனைக்கு இன்னும் அரைக் கட்டை குறைப்பது நல்லது.

சபைக்குப் புதுக் கீர்த்தனை கற்பிக்க மூன்று ஞாயிறு எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் பாட்டைச் செய்யுளாக வாசித்துவிட்டு, பல்லவியை மட்டும் சபை பாட, மற்றதெல்லாம் குழு பாடும். அடுத்த வாரம் அனுபல்லவியும் முதல் சரணமும். மூன்றாம் வாரம் முழுப் பாட்டு. இந்த மூன்று வாரமும் முன்னின்று நடத்துகிறவர் சங்கதி போடக் கூடாது, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றி அலங்கரித்துப் பாடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு வளைவு கூடினால் எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் சபை கேட்கத் தொடங்கிவிடும், பாடுவதை நிறுத்திவிடும்.

பாட்டு எங்கே வருகிறது என்பதும் முக்கியம். "அவர்" என்று கடவுளைப் பற்றிப் பேசும் பாட்டு பிரசங்கத்துக்கு முன்னும் ஆராதனைத் தொடக்கத்திலும் பொருந்தும். "நீர்" என்று கடவுளிடம் பேசும் பாட்டைத் திருவிருந்து நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது புத்தகம் கையில் இல்லாமல் மக்கள் நடந்து போவதும் முழங்காலில் நிற்பதுமாக இருப்பார்கள். பல்லவி மனப்பாடமாக இருக்கும் பாட்டே வேண்டும். சரணத்தைக் குழு பாடட்டும், பல்லவியில் எல்லாரும் சேரட்டும்.

ஆலயத்தில் திரை வந்த பிறகு சரணத்தை வெட்டுவது அறிவிப்பே இல்லாமல் நடக்கிறது. புத்தகத்தில் ஐந்து சரணமும் இருக்கும்; கணினியில் ஏற்றுகிறவர் இரண்டை மட்டும் தட்டச்சு செய்தால் சில ஆண்டுகளில் அந்தச் சபைக்கு அந்தப் பாட்டில் இரண்டே சரணம்தான். ஆகவே ஏற்றும்போதே எல்லாச் சரணங்களையும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சரணத்தின் கீழும் பல்லவியின் முதல் அடியைச் சேர்க்க வேண்டும். சந்தியில் ஒட்டி நிற்கும் சொல் திரையின் வரி முடிவில் பாதியாக ஒடிகிறதா என்பதைச் சனிக்கிழமை ஒத்திகையிலேயே ஒருவர் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும்.